பவர் ஸ்டீயரிங் ஹோஸ் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்பாவில் ஆயில் ஊற்ற ஊற்றக் குறைகிறது, வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறது, ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒரு முனகல். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே "ஹோஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சில நேரம் அது சரிதான். பல நேரம் ஹோஸை மாற்றிய பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு விழும். அதனால் இங்குள்ள பதில்களில் பெரும்பகுதி கசிவைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. ஸ்பேனர் எடுப்பதெல்லாம் அப்புறம்.

எல்லா காரிலும் இந்த ஹோஸ் இருக்குமா?

இருக்காது. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் மின்சார பவர் ஸ்டீயரிங்தான். ஸ்டீயரிங்கைத் திருப்ப ஒரு மோட்டார் உதவுகிறது. ஆயிலும் இல்லை, பம்பும் இல்லை, ஹோஸும் இல்லை. அப்படிப்பட்ட காரில் எண்ணெய் சொட்டினால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது.

பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட சின்ன டப்பா ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுடையது ஹைட்ராலிக். 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. ஒரு பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும், வேலை முடிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பும்.

நடுவில் ஒரு கலப்பு வகையும் உண்டு. அதில் பம்பை எஞ்சின் பெல்ட்டுக்குப் பதிலாக மின்மோட்டார் சுற்றும். பம்ப் எஞ்சினை ஒட்டி இருக்காது. பம்பருக்குப் பின்னாலோ ஹெட்லைட்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். ஆயில், ஹோஸ் எல்லாம் உண்டு என்பதால் இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும். ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) முறையை மட்டும் அந்த காரின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஹோஸ் ஹோஸ் என்கிறார்கள். மொத்தம் எத்தனை ஹோஸ் இருக்கிறது?

பொதுவாக மூன்று. எது கசிகிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலையின் அளவே மாறும்.

டப்பாவிலிருந்து பம்புக்குப் போவது சக்ஷன் ஹோஸ். பருமனாக, கையால் அமுக்கினால் அமுங்கும்படி இருக்கும். அழுத்தம் ஏறக்குறைய இல்லை.

பம்பிலிருந்து, முன் சக்கரங்களைத் திருப்பும் பாகமான ஸ்டீயரிங் ரேக்குக்குப் போவது பிரஷர் ஹோஸ். நடுவில் தடித்த ரப்பர், இரண்டு முனையிலும் இரும்புக் குழாய். இரண்டும் சேரும் இடத்தில் நசுக்கி இறுக்கிய ஓர் உலோக உறை இருக்கும். அதைத்தான் கிரிம்ப் என்கிறோம். நேராகப் போகும்போது இதற்குள் அழுத்தம் சுமார் 100 பிஎஸ்ஐதான். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். டயரில் அடிக்கும் காற்று 30-35 பிஎஸ்ஐ என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ரப்பர் என்ன பாடுபடுகிறது என்று புரியும்.

ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வருவது ரிட்டர்ன் ஹோஸ். இதிலும் அழுத்தம் குறைவுதான். பல கார்களில் இது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளைந்த இரும்புக் குழாய் வழியாகச் சுற்றிவரும். ஆயிலைக் குளிர்விக்கும் ஏற்பாடு அது. அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாவதும் உண்டு. ஹோஸை மட்டுமே தேடிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

கீழே சொட்டுவது பவர் ஸ்டீயரிங் ஆயில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இரவு வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் நிறத்தைப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு அல்லது தேன் நிறம். சில ஐரோப்பிய கார்களில் பச்சை. பழசானால் எல்லாமே பழுப்பாகி, கருகிய வாடை அடிக்கும். எஞ்சின் ஆயில் இதைவிடக் கெட்டியாக இருக்கும். கூலன்ட் தண்ணீர் மாதிரி ஓடும், இனிப்பான வாடை. ஏசி ஓடியிருந்தால் சொட்டுவது வெறும் தண்ணீர்.

குழப்புவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். அதுவும் சிவப்பு, பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஆயிலைத்தான் ஊற்றுகிறார்கள். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பவர் ஸ்டீயரிங் டப்பாவின் வெளிப்பக்கம், ஆயில் நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு, மறுபடியும் ஆறிய நிலையில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பவர் ஸ்டீயரிங் ஆயில் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய சுற்றில் ஓடுகிறது. குறைந்தால் கசிகிறது என்றுதான் பொருள்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொட்டு விழும் இடம் கசிவின் இடம் இல்லை. ஆயில் ஹோஸ் வழியாக வழிந்து, ஏதாவது ஒரு போல்ட் தலையிலோ பிராக்கெட் நுனியிலோ சேர்ந்து, அங்கிருந்துதான் சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், பெல்ட்டில் பட்டால் நாலாபக்கமும் தெறிக்கும். அடியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஈரமாகத் தெரியும். அழுக்கோடு தேடினால் ஊகம்தான் மிஞ்சும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. எஞ்சின் நன்றாக ஆறியதும் பம்ப், மூன்று ஹோஸ்கள், டப்பா, ரேக் எல்லாவற்றையும் எண்ணெய் அழுக்கை நீக்கும் டீகிரீசர் அடித்துத் துடையுங்கள். பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு டப்பாவில் ஆயிலை அளவுக்கு நிரப்புங்கள்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டார்ச் லைட்டோடு மேலிருந்து பார்க்க வேண்டும். கடைசிவரை ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். பம்ப் சூடேறிக் கெட்டுப்போகும். ஓடும் பெல்ட், சுழலும் ஃபேன் பக்கம் சட்டைக் கை, துப்பட்டா, தலைமுடி எதுவும் போகக்கூடாது. வெறும் ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஈரமான இடங்களில் மிக உயரத்தில் இருப்பது எது? ஆயில் மேலே ஏறாது. உச்சியில் ஈரமாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கசிவு தொடங்குகிறது. பிரஷர் ஹோஸின் கிரிம்ப் கசிந்தால் அந்த உலோக உறையின் விளிம்பில், ரப்பர் உள்ளே நுழையும் இடத்தில், வியர்வை மாதிரி ஒரு மெல்லிய வளையம் முதலில் தோன்றும். எஞ்சினை அணைத்துத் துடைத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை ஒருமுறை ஒடித்தால் மறுபடியும் அதே இடத்தில் வரும். அது கிடைத்துவிட்டால் தேடல் முடிந்தது.

கசிவு மிக மெதுவாக இருந்தால் உடனே தெரியாது. கழுவிக் காய்ந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். வெள்ளையில் கசிவின் தடம் கோடு போட்டிருக்கும். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் புற ஊதா சாயம் கிடைக்கிறது. சில நாள் ஓட்டிவிட்டு புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த இடம் பளிச்சென்று ஒளிரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது ஹோஸை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையுறை போட்டிருந்தாலும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவு இருக்காது. உள்ளே சதை சேதமாகிக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் "சின்னக் காயம்தானே" என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகமான இடத்தைச் சோதிக்க ஒரு துண்டு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

ஹோஸ் நனைந்திருக்கிறது. ஆனாலும் ஹோஸ் குற்றவாளி இல்லாமல் இருக்குமா?

தாராளமாக. பிரஷர் ஹோஸ் பம்பில் சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் சின்ன ரப்பர் வளையம்) இருக்கும், அல்லது நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டும் அதன் இரண்டு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷரும் இருக்கும். அவை போனாலும் ஹோஸ்தான் நனையும். அங்கே வேலை ஒரு சின்ன ரிங்கோடு முடிந்துவிடும்.

பம்பின் புல்லிக்குப் பின்னால் உள்ள சீல் போனால் புல்லியைச் சுற்றி வட்டமாகத் தெறித்திருக்கும். டப்பாவில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் அதன் அடிப்பாகமும் கீழேயுள்ள ஹோஸும் நனையும். மூடி சரியாக மூடாமல், அல்லது அளவுக்கு மேல் ஊற்றியதால், சூடானதும் பொங்கி வழிவதும் நடக்கும். இதைப் போய்ப் பெரிய கோளாறு என்று அலசுபவர்கள் உண்டு.

ரேக் சீல் போயிருந்தால் அடையாளம் வேறு. ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் கசிவு ரேக்கில். ஹோஸை எத்தனை மாற்றினாலும் நிற்காது.

கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் முனகுகிறது, டப்பாவில் நுரை. இது ஹோஸ் பிரச்சினையா?

ஆம், பெரும்பாலும் சக்ஷன் ஹோஸ். அதிகம் பேர் தவறவிடுவதும் இதைத்தான்.

பம்ப் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் கிளாம்ப் தளர்ந்தாலோ ஓ-ரிங் காய்ந்து கெட்டித்தாலோ ஆயில் வெளியே வருவதற்கு முன்னால் காற்று உள்ளே போகத் தொடங்கும். ஆயிலோடு காற்று கலந்தால் நுரை. நுரையைத் தள்ள முடியாமல் பம்ப் முனகும். ஸ்டீயரிங் ஒரு நொடி இலகுவாகவும் அடுத்த நொடி கனமாகவும் இருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் சத்தம் அதிகம், சூடானதும் குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பக்கம்தான். குளிரில் ரப்பர் விறைத்து இடைவெளி விடுகிறது, ஆயிலும் கெட்டியாக இருக்கிறது.

சோதிக்க ஒரு எளிய வழி. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, சக்ஷன் ஹோஸ் சேரும் இடங்களில் அதே பவர் ஸ்டீயரிங் ஆயிலைக் கொஞ்சம் தடவிவிடுங்கள். முனகல் சில விநாடிகள் மாறினால் காற்று நுழையும் வாசல் அதுதான். அழுத்தம் இல்லாத பக்கம் என்பதால் பிரஷர் ஹோஸில் உள்ள ஆபத்து இங்கே இல்லை. ஆனாலும் பெல்ட் பக்கத்திலேயே ஓடும், கவனம்.

இன்னொரு காரணமும் உண்டு. டப்பாவின் அடியில் மெல்லிய வலை வடிகட்டி இருக்கும். அதில் கசடு அடைத்தாலும் பம்புக்கு ஆயில் பற்றாமல் இதே முனகல் வரும். பல டப்பாக்களில் அந்த வலையைத் தனியாகக் கழற்ற முடியாது. டப்பாவையே மாற்ற வேண்டியதுதான்.

கசிவோடு ஓட்டலாமா?

லேசான ஈரம், மாதக்கணக்கில் டப்பாவில் மட்டம் அதிகம் இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சொட்டு விழத் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

பம்புக்கு அந்த ஆயில்தான் உயவும். ஆயில் தீர்ந்து பம்ப் வறண்டு சுற்றினால் உள்ளே உலோகம் தேய்ந்து துகளாகி, அது ரேக் வரைக்கும் போகும். ஹோஸ் வேலை பம்ப், ரேக் வேலையாக வளர்வது இப்படித்தான். சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டினால் புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும். பானெட்டிலிருந்து கருகல் வாடையோ புகையோ வந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

வழியில் ஹோஸ் வெடித்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது. திரும்பும், ஆனால் மிகக் கனமாக, அதுவும் மெதுவாகப் போகும்போதும் நிறுத்தும்போதும். பதறாமல் இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக ஒதுக்கலாம். பம்புக்கென்று தனி பெல்ட் இருக்கும் பழைய வண்டிகளில் அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக வீடு சேர்ந்தவர்கள் உண்டு. ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றும் வண்டியில் அந்த வேலை ஆகாது. எஞ்சினே கொதித்துவிடும்.

டேப் சுற்றினால், கிளாம்ப் போட்டால், கசிவு நிறுத்தும் மருந்து ஊற்றினால் போதாதா?

பிரஷர் ஹோஸுக்குப் போதாது. 1,000 பிஎஸ்ஐக்கு மேல் போகும் இடத்தில் எந்த டேப்பும் நிற்காது. ரப்பரை வெட்டி நடுவில் ஒரு குழாயைச் சொருகி இருபக்கமும் கிளாம்ப் போடுவது அதைவிட மோசம். முதல் யூ-டர்னில் பிய்த்துக்கொண்டு சூடான ஆயிலை எஞ்சின் மேல் கொட்டும்.

கசிவு நிறுத்தும் மருந்துகள் காய்ந்த ரப்பர் சீல்களை ஊறவைத்துக் கொஞ்சம் மெத்தென்று ஆக்கும். பம்ப் சீலோ ரேக் சீலோ லேசாகக் கசிந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். விரிசல் விட்ட ஹோஸையும் தளர்ந்த கிரிம்பையும் அது ஒன்றும் செய்யாது.

ரிட்டர்ன் ஹோஸ் மட்டும் கசிகிறது. அதற்கும் கம்பெனி ஹோஸ்தான் வேண்டுமா?

இங்கே கொஞ்சம் சலுகை உண்டு. முனையில் மட்டும் வெடித்திருந்து, நீளம் மிச்சம் இருந்தால் வெடித்த பகுதியை நேராக வெட்டியெறிந்துவிட்டு மறுபடி சொருகி கிளாம்ப் போடலாம். முழுதும் கெட்டித்துப்போயிருந்தால் மீட்டர் கணக்கில் விற்கும் ரிட்டர்ன் ஹோஸ் வாங்கலாம். ஆனால் பவர் ஸ்டீயரிங்குக்கு உரியதாக இருக்க வேண்டும். அதன் மேல் எஸ்ஏஇ ஜே189 என்ற தரக்குறியீடு அச்சிட்டிருக்கும்.

கூலன்ட் ஓடும் ஹீட்டர் ஹோஸ் அதே பருமனில் கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். எண்ணெய் பட்டால் ஊறி உப்பி, உள்பக்கம் கரைந்து, அந்தக் கசடு டப்பாவின் வலையில் போய் அடைக்கும். போட்ட அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கல்.

கிளாம்பில், பழைய ஸ்பிரிங் கிளாம்ப் நன்றாக இருந்தால் அதையே போடுங்கள். ரப்பர் சுருங்கினாலும் அது கூடவே இறுகிக்கொள்ளும். ஸ்க்ரூ கிளாம்பை மிதமாக இறுக்குங்கள். வெறியோடு முறுக்கினால் பட்டையே ரப்பரை அறுத்துவிடும்.

எந்த ஆயில் ஊற்றுவது?

டப்பா மூடியிலோ கையேட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும். பல கார்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), ஹோண்டாவுக்கு அதன் சொந்த ஆயில், பல ஜெர்மன் கார்களுக்குப் பச்சை நிற சிஎச்எஃப் வகை ஹைட்ராலிக் ஆயில். "எல்லாம் ஆயில்தானே" என்று கலக்கக் கூடாது. சீல்கள் ஒரு குறிப்பிட்ட ஆயிலுக்கென்று செய்யப்பட்டவை. பிரேக் ஆயிலைத் தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் முழுவதையும் வெளியே எடுத்துவிடுங்கள். அது இந்த சீல்களை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

பிரஷர் ஹோஸை நானே மாற்ற முடியுமா?

ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் என்றால் முடியும். கஷ்டம் கண்டுபிடிப்பதிலும் கை நுழைவதிலும்தான். ரேக் பக்கத்து நட் சில கார்களில் சப்ஃப்ரேமுக்கு (எஞ்சினுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம்) மேலே, கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கும். முதலில் அடியில் போய்ப் பார்த்து, இரண்டு நட்டுக்கும் ஸ்பேனர் எட்டுகிறதா என்று உறுதி செய்துகொண்டு ஹோஸ் வாங்குங்கள். எட்டவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சாதாரண ஸ்பேனரோடு கூட ஃபிளேர் நட் ஸ்பேனர் ஒன்று வேண்டும். குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் திறந்து, நட்டின் மற்ற பக்கங்களைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் அது. மென்மையான குழாய் நட்டை ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், பிறகு படாத பாடுதான். துரு இளக்கும் ஸ்ப்ரே, ஒரு பெரிய சிரிஞ்ச், ஆயில் பிடிக்கத் தட்டு, புது ஓ-ரிங் அல்லது வாஷர்கள், ஜாக் ஸ்டாண்ட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியவையும் வேண்டும்.

சரி, மாற்றுவது எப்படி?

எஞ்சின் ஆறட்டும். நட்டுகளில் முந்தின இரவே ஸ்ப்ரே அடித்து வைப்பது நல்லது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டப்பாவில் உள்ள ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

பழைய ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, எந்த கிளிப்பில் பிடித்திருக்கிறது என்று நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு புது ஹோஸ் கையில் இருக்கும்போது "இது எந்தப் பக்கம் வளைந்தது" என்று விழிப்பது நிச்சயம்.

தட்டை அடியில் வைத்து, பம்ப் பக்க நட்டை முதலில் இளக்குங்கள். ஆயில் வழியும். பிறகு ரேக் பக்கம். கழற்றியவுடன் திறந்த வாயைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் ரேக் வால்வைக் கீறிவிடும்.

இப்போது அவசரப்படாமல் பார்க்க வேண்டிய ஒன்று. கழற்றிய ஹோஸின் நுனியில் பழைய ஓ-ரிங் இருக்கிறதா? இல்லை என்றால் அது பம்ப் வாயிலோ ரேக் வாயிலோ ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு உலோகத்தில் கறுப்பு ரப்பர் எளிதில் தெரியாது. மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் கொக்கியால் மெதுவாக எடுங்கள், உள் பரப்பைக் கீறாமல். அதன் மேலேயே புது ஓ-ரிங்கோடு ஹோஸைத் திருகினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பேன்ஜோ போல்ட் என்றால் பழைய வாஷர் ஒன்று பம்பிலேயே ஒட்டியிருக்கும், அதே எச்சரிக்கைதான்.

புது ஓ-ரிங்கில் பவர் ஸ்டீயரிங் ஆயிலைத் தடவி மாட்டுங்கள். புது ஹோஸைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, திரெட் ஒத்துப்பார்த்துவிட்டு, பழைய வழியிலேயே நுழையுங்கள். இரண்டு நட்டையும் முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் கோணலாக நுழைகிறது. ஸ்பேனரால் வற்புறுத்தினால் அலுமினிய பம்பின் திரெட் போய்விடும். இரண்டு முனையும் ஏறி, கிளிப்கள் எல்லாம் மாட்டிய பிறகே இறுக்குங்கள், கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு. ஓ-ரிங் உள்ள இணைப்பில் கசிவைத் தடுப்பது ரிங்தான், பலம் இல்லை. சில கார்களில் நட்டை முழுதும் இறுக்கிய பிறகும் குழாய் லேசாகச் சுழலும். அது வடிவமைப்பே அப்படி, மேலும் முறுக்கி உடைக்காதீர்கள்.

கடைசியாக, ஹோஸ் எக்ஸாஸ்டுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் உரசாமல் போகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பழைய வெப்பத் தடுப்புத் தகடு இருந்தால் அதைத் திருப்பி மாட்டுங்கள், "இது எதுக்கு" என்று ஓரமாக வைக்க வேண்டாம்.

ஏர் எடுப்பது எப்படி?

ஊற்றியவுடன் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதுதான் எல்லோரும் செய்வது, நுரைக்குக் காரணமும் அதுதான். முன் சக்கரங்கள் தரையில் படாத நிலையில், எஞ்சின் ஓடாமல், ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெதுவாகப் பதினைந்து இருபது தடவை திருப்புங்கள். டப்பாவில் குமிழி வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். டப்பா காலியாக விட்டால் மறுபடி முதலிலிருந்து.

குமிழி நின்றதும் எஞ்சினை ஐடிலில் விட்டு, இன்னும் சில தடவை மெதுவாகத் திருப்புங்கள். நுரை கட்டினால் அணைத்துவிட்டு, அது அடங்கும் வரை விடுங்கள். எஞ்சின் ஓடும்போது இருந்த மட்டம், அணைத்தவுடன் கண்ணுக்குத் தெரியும்படி ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

புது ஹோஸ் போட்டும் கசிகிறதே?

மேலே சொன்ன இரட்டை ஓ-ரிங், பழைய வாஷரையே திரும்பப் போட்டது, கோணல் திரெட், வரிசையில் இந்த மூன்றையும் பாருங்கள். எதுவும் இல்லை என்றால், முன்பு கொட்டிய ஆயில் சப்ஃப்ரேமுக்குள் தேங்கி இப்போது வடிகிறதா? அது சில நாள் சொட்டும். மறுபடி கழுவிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் டப்பாவில் மட்டம் இறங்கினால் கசிவின் இடத்தையே தவறாகப் பிடித்திருக்கிறோம்.

பழைய இரும்பு முனைகளை வைத்து நடு ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டுத் தருகிறார்களே, நம்பலாமா?

ஹைட்ராலிக் ஹோஸ் செய்பவர், சரியான ஹோஸைச் சரியான அச்சில் கிரிம்ப் செய்தால் நம்பலாம். பழைய மாடல்களுக்குப் பல நேரம் அதுதான் ஒரே வழி. ஆயிலும் வெப்பமும் தாங்கும் பவர் ஸ்டீயரிங் பிரஷர் ஹோஸ்தானா என்று கேளுங்கள். இரும்புக் குழாய் துருப்பிடித்து உதிர்கிறது என்றால் அதில் புது ரப்பர் போடுவது வீண்.

ஒரு விஷயம்: சில கம்பெனி ஹோஸ்களுக்குள் பம்பின் துடிப்பை அடக்க ஒரு மெல்லிய உள்குழாய் வைத்திருப்பார்கள். செய்து வாங்கிய ஹோஸில் அது இருக்காது. அதனால் கசிவு நின்றாலும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது புதிதாக ஓர் இரைச்சல் கேட்கலாம். ஏர் எல்லாம் எடுத்தும் அது போகவில்லை என்றால் இதுதான் காரணம். ஆபத்தில்லை, பிடிக்காவிட்டால் அசல் ஹோஸைத் தேட வேண்டும்.

ஹோஸ் அடிக்கடி போகிறது. ஏன்?

ரப்பர் வயதாவதற்கு எஞ்சின் வெப்பமே போதும். ஆனால் புது ஹோஸ் சீக்கிரமே கிரிம்பில் கசிந்தால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள். ஹோஸின் ஒரு முனை எஞ்சினோடும் மறு முனை பாடியோடும் கட்டப்பட்டிருக்கிறது. மவுண்ட் உடைந்து எஞ்சின் ஒவ்வொரு கியருக்கும் குலுங்கினால், அந்தக் குலுக்கல் முழுவதையும் ஹோஸ் வாங்குகிறது. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடிக்கும் பழக்கமும் ஒரு காரணம். துளி விட்டுக்கொடுத்தாலே அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். பம்பின் அழுத்தம் விடுவிக்கும் வால்வு சிக்கிக்கொண்டாலும் ஹோஸ் தொடர்ந்து போகும். அதற்கு அழுத்தமானி வைத்து அளக்க வேண்டும், வீட்டில் ஆகிற வேலை இல்லை.

கொட்டிய ஆயிலை என்ன செய்வது?

பெல்ட்டில் பட்டிருந்தால் துடைத்துப் பாருங்கள். ரப்பர் ஊறி வழுக்கினால் பெல்ட்டை மாற்றுங்கள். பிரேக் டிஸ்க்கில் பட்டிருந்தால் ஓட்டுவதற்கு முன் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். பேடில் ஊறியிருந்தால் பேடும் போயிற்று. தரையில் கொட்டியதன் மேல் மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். தட்டில் பிடித்ததை ஒரு கேனில் ஊற்றி, பழைய எஞ்சின் ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.